‘கு-ஆ-டு’ எப்படி ‘கேட்’ ஆனது

யுகேஜி படிக்கும் என் மகளுக்கு ஆங்கில எழுத்துகளின் ஒலிகள் தனித்தனியாக நன்றாகத் தெரியும். சேர்த்து வாசிக்கத்தான் வராது. ‘கேட்’ (cat) என்பதை ‘கு, ஆ, டு’ என்று பிரித்துவிட்டு ‘குஆடு’ என்பாள். பக்கத்திலேயே பூனைப் படம் இருக்கும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஒருநாள் கூடவே நானும் சொல்லிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஒவ்வொரு மெய்யோடும் ஓர் ‘உ’ ஒட்டிக்கொண்டு வருகிறது. நம் தமிழில் இதற்குத்தானே புள்ளி இருக்கிறது! கு இல்லை, க். டு இல்லை, ட். அவளுக்குத் தெரிந்த மெய்யெழுத்துகளையே காட்டினேன். இழுத்துச் சொல்லக்கூடிய ம், ஸ் இரண்டையும் முதலில் எடுத்துக்கொண்டோம். ‘ம்ம்ம்...’ என்று இழுத்து, மூச்சு விடாமல் ‘மேட்’ (mat) என்று முடித்தாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு!

எழுதும்போது சின்ன பி-யும் (b) சின்ன டி-யும் (d) இடம் மாறும். தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதவைத்தேன். பி-க்கு முதலில் கோடு, பிறகு வயிறு. டி-க்கு முதலில் சி போல வளைவு, பிறகுதான் கோடு. இப்போதும் அவசரத்தில் மாற்றி எழுதுவாள். மேசைமேல் விரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, அவளே அழித்துத் திருத்துகிறாள்.