அமெரிக்கால பழைய கேஸ் இருந்தா துப்பாக்கி உரிமைய திரும்ப வாங்குறது எப்படி

தண்டனை முடிஞ்சிருச்சு, ப்ரொபேஷனும் (வெளியில கோர்ட் கண்காணிப்புல இருக்குற காலம்) முடிஞ்சிருச்சு, அதனால துப்பாக்கி வாங்கலாம்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. தடை இருக்கும்போது கையில வச்சிருந்தா ஃபெடரல் (நாடு முழுசுக்குமான மத்திய அரசு) சட்டப்படி 15 வருஷம் வரைக்கும் ஜெயில். வீட்ல மனைவி பேர்ல இருக்குற துப்பாக்கி உங்க கைக்கு எட்டுற இடத்துல இருந்தாலும் சிக்கல்தான்.

முதல்ல உங்க ரெக்கார்டை எடுங்க. எஃப்பிஐகிட்ட கைரேகை குடுத்து 18 டாலர் கட்டினா உங்க ஹிஸ்டரி வரும், கூடவே தீர்ப்பு சொன்ன கோர்ட்ல ஃபைனல் ஆர்டர் காப்பியும் வாங்கிக்கோங்க. அதுல பாக்க வேண்டியது நீங்க எத்தனை நாள் உள்ள இருந்தீங்கன்னு இல்ல, அந்த குற்றத்துக்கு அதிகபட்சமா எவ்ளோ தண்டனை குடுக்கலாம்னு தான். ஒரு வருஷத்துக்கு மேலன்னா தடை, ஒரு நாள்கூட ஜெயிலுக்கு போகலன்னாலும். மாநில சட்டம் மிஸ்டிமீனர்னு (சின்ன குற்றம்) சொல்றதுல, அதிகபட்ச தண்டனை ரெண்டு வருஷம் வரைக்கும்னா விலக்கு உண்டு, ஆனா குடும்ப வன்முறை கேஸ்னா 1996ல வந்த சட்டத்தால மிஸ்டிமீனரா இருந்தாலும் தடைதான்.

அடுத்து, தண்டிச்சது எந்த கோர்ட்? இங்கதான் ரொம்ப கவனமா இருக்கணும். மாநில கோர்ட்னா அந்த மாநில சட்டம்தான் வழி. வாஷிங்டன் மாநிலத்துல சுப்பீரியர் கோர்ட்ல மனு போடலாம், ஃபெலனின்னா (பெரிய குற்றம்) அஞ்சு வருஷம் புதுசா எந்த குற்றத் தீர்ப்பும், அதாவது கன்விக்‌ஷனும் இல்லாம இருக்கணும், கிளாஸ் ஏ ஃபெலனிக்கும் (ஃபெலனிலயே ரொம்ப கடுமையான வகை) பாலியல் குற்றத்துக்கும் அந்த வழி கிடையாது. டெக்சாஸ்ல விடுதலையாகி அஞ்சு வருஷம் கழிச்சு வீட்டுக்குள்ள மட்டும் வச்சுக்கலாம்னு மாநில சட்டம் சொல்லும், அத நம்பி வாங்கி வச்சீங்கன்னா ஃபெடரல் தடை அப்படியே இருக்கும், கேஸ் அந்தப் பக்கத்துலருந்து வரும். இது அநியாயமான குழப்பம்னு தான் எனக்கு தோணுது, ஆனா சட்டம் அப்படித்தான் இருக்கு.

ஃபெடரல் கோர்ட் கன்விக்‌ஷன்னா மாநிலம் குடுக்குற எந்த ஆர்டரும் செல்லாது, 1994லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. ஜனாதிபதி மன்னிப்பு ஒரு வழி. தடைய நீக்கச் சொல்லி ஏடிஎஃப்கிட்ட (துப்பாக்கி விஷயத்த பாக்குற ஃபெடரல் அமைப்பு) விண்ணப்பிக்கிற வழிக்கு 1992லருந்து காங்கிரஸ் பணமே ஒதுக்கல, 2025ல ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் தன் பக்கமா அத திறக்குற வேலைய ஆரம்பிச்சிருக்கு.

எக்ஸ்பஞ்ச் ஆர்டரோ (ரெக்கார்டை அழிக்கிற உத்தரவு) மன்னிப்போ கைக்கு வந்ததும் ஒவ்வொரு வரியா படிங்க. ரைஃபிள் ஓகே ஹேண்ட்கன் கூடாதுன்னு மாநிலம் பாதி தடை வச்சிருந்தா, 1998 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புப்படி ஃபெடரல் கணக்குல அது முழு தடை. இந்த இடத்துல காசு பாக்காம, இந்த மாதிரி மனு போட்டு பழக்கமுள்ள லாயர்கிட்ட காட்டுங்க.

கடைக்கு போய் வாங்கி பாத்து டெஸ்ட் பண்ணவே பண்ணாதீங்க, வாங்கும்போது கடையில நிரப்புற 4473 ஃபாரம்ல கன்விக்‌ஷன் பத்தி தெரிஞ்சே தப்பா டிக் போட்டாலே தனி குற்றம். எல்லாம் சரியா இருந்தும் பேக்ரவுண்ட் செக்ல டினை ஆச்சுன்னா, ஆர்டர் காப்பியோட எஃப்பிஐகிட்ட அப்பீல் போடுங்க. ஒரே மாதிரி பேர் இருக்குற நம்மாளுங்களுக்கு இது அடிக்கடி தேவைப்படலாம், அவங்ககிட்ட வாலண்டரி அப்பீல் ஃபைல்னு (உங்களுக்கு தடை இல்லன்னு காட்டுற விவரத்த அவங்க வச்சுக்கிற பதிவு) ஒண்ணு இருக்கு, அதுல சேந்து நம்பர் வாங்கிட்டா அடுத்த தடவ அந்த நம்பர ஃபாரம்ல எழுதிடலாம்.

ஹெச்1பி மாதிரி தற்காலிக விசால இருக்குறவங்களுக்கு கேஸே இல்லாட்டியும் தனித் தடை இருக்கு, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்கு மட்டும்தான், அதனால கிரீன் கார்ட் வர்ற வரைக்கும் லாயர கேக்காம எதையும் தொடாதீங்க.