லாவென்ஹாம்: தறி ஊர்க்காரர்களுக்கு ஓர் ஒலிவழி நடை

கொங்கு நாட்டிலிருந்து இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், லண்டனைச் சுற்றிய பிறகு ஒரு நாளையாவது பழைய கிராமம் ஒன்றுக்கு ஒதுக்க வேண்டும். எந்த ஊர் என்று கேட்டால் சஃபோக் மாவட்டத்து லாவென்ஹாமையே முதலில் சொல்வேன். கம்பளித் துணியால் செல்வம் சேர்த்து, அந்தத் தொழில் நொடித்த பின் வீடுகளை இடித்துக் கட்டப் பணமில்லாமல் போனதாலேயே ஐந்நூறு ஆண்டுப் பழமை கலையாமல் நிற்கும் ஊர் அது. பாவு, ஊடை, சாயம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அங்கே புரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

வழிகாட்டி ஆளோடு கூட்டமாகப் போவதைவிட, கைபேசியில் ஒலிவழிகாட்டியைக் கேட்டபடி நாமே நடப்பது இத்தகைய சிற்றூருக்குப் பொருத்தமானது. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், முதியவர்கள் உட்கார்ந்து இளைப்பாறலாம், புரியாததை மறுபடி கேட்கலாம். வாய்ஸ்மேப், இஸி டிராவல் போன்ற செயலிகளில் பல ஊர்களுக்கான நடைகள் கிடைக்கின்றன. போகும் ஊருக்கு நடை இருக்கிறதா என்று முன்னதாகவே தேடி, இருந்தால் வீட்டு வைஃபையிலேயே முழுவதையும் வரைபடத்தோடு பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். ஜி.பி.எஸ். இயங்க இணையம் தேவையில்லை என்பதால், கிராமத்தில் சிக்னல் குறைந்தாலும் நாம் நிற்கும் இடத்துக்கு உரிய பேச்சு தானாகவே ஒலிக்கும். ஆனால் ஜி.பி.எஸ். கைபேசியின் மின்சாரத்தை வேகமாகத் தின்னும். பவர் பேங்க் இல்லாமல் புறப்பட வேண்டாம். ஆங்கில உச்சரிப்பு பழகாதவர்கள், செயலியில் வசதி இருந்தால் வேகத்தைச் சற்றுக் குறைத்துக் கேட்கலாம்.

ஆங்கிலமே தெரியாத அம்மா அப்பாவுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மகனோ மகளோ முதல் நாள் இரவு ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டு மூன்று நிமிடத்துக்குத் தமிழில் பேசி, வாட்ஸ்அப் குரல்செய்தியாக வரிசையாக அனுப்பிவிட்டு, அவர்கள் கைபேசியில் எல்லாம் இறங்கிவிட்டனவா என்றும் பார்த்துவிட வேண்டும். "அம்மா, இப்ப இடது கைப்பக்கம் திரும்பிப் பாருங்க, மேல்மாடி ரோட்டுப் பக்கமா நீட்டிக்கிட்டு இருக்குதுங்களா?" என்று தொடங்கினால் போதும். எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், அது ஏன் அப்படி இருக்கிறது என்ற மூன்றும் இந்த வரிசையில் வர வேண்டும். ஆண்டுகளை அடுக்கினால் நடந்துகொண்டே கேட்பவருக்கு எதுவும் நிற்காது.

நடையை ஊரின் தென்கோடி மேட்டில் நிற்கும் புனித பீட்டர், புனித பால் தேவாலயத்தில் தொடங்குங்கள். அதன் கோபுரம் 141 அடி. இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய கோயில் எப்படி வந்தது என்ற கேள்வியோடு நடை தொடங்குவது நல்லது, ஏனென்றால் விடை துணியில் இருக்கிறது. ஆக்ஸ்போர்டு பிரபுவான ஜான் டி வேரும், தாமஸ் ஸ்பிரிங் முதலிய துணி வணிகர்களும் கொடுத்த பணத்தில் எழுந்தது இது. டி வேர் குடும்பத்து நட்சத்திரமும் ஸ்பிரிங் குடும்பத்துச் சின்னமும் கோபுரத்தில் செதுக்கப்பட்டிருப்பதை அண்ணாந்து பார்த்தால் காணலாம். 1524ஆம் ஆண்டு வரிக் கணக்கில் இங்கிலாந்தின் செல்வ ஊர்களில் லாவென்ஹாம் 14ஆவது இடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டே, எட்டாம் ஹென்றி பிரான்சுப் போருக்கென்று மேலும் பணம் கேட்டபோது, வேலை கொடுக்க வழியில்லை என்று வணிகர்கள் கைவிரிக்க, வேலையிழந்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இந்த ஊரில் திரண்டார்கள். மன்னர் அந்த வசூலையே கைவிட நேர்ந்தது. இந்தக் கதையைத் தேவாலயத்துக்குள் அமர்ந்து கேளுங்கள். நுழைவுக் கட்டணமில்லை, காணிக்கை போடலாம். வழிபாடு நடந்தால் ஒலியை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அங்கிருந்து இறங்கி வாட்டர் ஸ்ட்ரீட்டுக்கு வந்தால், காலுக்கு அடியில் செங்கல்லால் மூடப்பட்ட ஓடை போகிறது. லாவென்ஹாம் நீலநிற அகலத் துணிக்குப் பேர்போனது. வோட் என்னும் செடியின் இலையிலிருந்து அந்த நீலத்தை எடுத்தார்கள். நம் அவுரியில் உள்ள அதே நீலப்பொருள்தான் அதிலும் இருக்கிறது. வணிகர் கம்பளியை வாங்கி, நூற்பவர் வீட்டுக்கும் நெய்பவர் வீட்டுக்கும் அனுப்பிக் கூலி கொடுத்துத் துணியாகத் திரும்ப வாங்குவார். பவானி ஜமக்காளத்தையும் சென்னிமலைப் போர்வையையும் கூலிக்கு நெய்யும் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டாம். ஒலிவழிகாட்டிகள் பெரும்பாலும் பணக்கார வணிகரின் பெயரைத்தான் சொல்லும். நெய்தவர் எந்த வீட்டில், எந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து நெய்தார் என்று நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

இந்தத் தெருவில் ஒலியை நிறுத்திவிட்டு வீடுகளை நிதானமாகப் பாருங்கள். ஓக் மரத்தைப் பச்சையாகவே அறுத்துச் சட்டம் கோத்து, மர ஆணி அடித்துக் கட்டினார்கள். மரம் காயக் காயச் சட்டங்கள் வளைந்ததால் வீடுகள் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்று சரிந்தாற்போலத் தெரிகின்றன. நெருக்கமாக மரம் நிறுத்தியிருந்தால் கட்டியவர் வசதியானவர் என்று பொருள், ஏனென்றால் தாங்குவதற்கு அவ்வளவு மரம் தேவையில்லை. இவற்றில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலருகே முகத்தை வைத்து எட்டிப் பார்ப்பதும் வாசற்படியில் உட்காருவதும் கூடாது. தெருக்கள் குறுகல், சில இடங்களில் நடைபாதையே கிடையாது; ஆகவே ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டி, மறு காதை வண்டிச் சத்தத்துக்கு விட்டுவிட வேண்டும். இருவர் சேர்ந்து கேட்கிறோம் என்று ஸ்பீக்கரில் போடுவது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தொல்லை.

லேடி ஸ்ட்ரீட் வழியாக ஏறினால் சந்தைத் திடல். சுமார் 1530இல் கட்டிய கில்ட்ஹால் இங்கேதான் இருக்கிறது. சமயச் சங்கத்தின் கூடமாகத் தொடங்கி, பின்னாளில் சிறையாகவும் ஏழைகளை வேலைவாங்கும் விடுதியாகவும் கம்பளிக் கிடங்காகவும் மாறிய இந்தக் கட்டடத்தை இப்போது பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை பராமரிக்கிறது. நுழைவுச்சீட்டு உண்டு, வாங்கி உள்ளே போவது தகும். திடலிலுள்ள லிட்டில் ஹால் என்னும் வீடு இன்னும் பழையது. ஹை ஸ்ட்ரீட்டிலுள்ள கோணல் வீட்டைப் படம் எடுத்துக்கொண்டு நடையை முடிக்கலாம். கேட்கும் ஒலி முக்கால் மணி நேரத்துக்கே இருந்தாலும், பெரியவர்களோடு போனால் மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயிலேறி, மார்க்ஸ் டேயில் மாறி, சட்பரியில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். சட்பரியில் இன்றும் பட்டு நெய்யும் ஆலைகள் இருக்கின்றன. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடுவதாலும், குளிர்காலத்தில் பார்வை நேரம் குறைவதாலும், மே முதல் செப்டம்பர் வரை போவதே நல்லது. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிட்டு, திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தை ஊரில் இறங்கியவுடனே நிறுத்தத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.