புயலுக்கு முன்னால் நாய்க்கும் ஒரு பை

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை, புயல்தான். நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசியை ஆவணியிலேயே தொடங்கிவிடுங்கள். முதல்முறை என்றால் சில வார இடைவெளியில் இரண்டு தவணை போடவேண்டும். வெள்ளத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், நம்ம ஆள் அதைத்தான் நக்குவார்! வெறிநோய் ஊசியும் பாக்கியில்லாமல் இருக்கட்டும்.

ஊசி அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுவையுங்கள். செல்போன் படத்தை மட்டும் நம்பவேண்டாம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. அதே பையில் தீவனம், குடிதண்ணீர், கூடுதல் கயிறு, வாய்மூடி. கூட்டத்தில் மிரண்டால் சாதுவும் கடிக்கும்.

முகாமில் நாயை விடுவார்களா என்று விஏஓவிடம் முன்பே கேளுங்கள். அப்புறம், விட்டுப்போக நேர்ந்தால் கட்டிப்போட்டுவிட்டு மட்டும் போகாதீர்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.