ஊட்டி, பைக்காரா படகில் ஏறினால் டிப்ஸ்: யாருக்கு, எவ்வளவு, எப்படி

சுருக்கமான பதில் முதலில். துடுப்புப் படகில் உங்களை வைத்து ஓட்டியவருக்குக் கட்டாயம் கொடுங்கள். மோட்டார் படகு என்றால் ஏறியவர்கள் சேர்ந்து ஒரு தொகையாகக் கொடுங்கள். மிதி படகை நீங்களே மிதிப்பதால் அங்கே யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. மலையில் டிப்ஸைக் கணக்குப் போட டிக்கெட் விலையைப் பார்க்கக் கூடாது, உடம்பு உழைப்பைப் பார்க்க வேண்டும். கீழே சொல்லும் தொகைகளெல்லாம் அந்த அளவுகோலில் வந்தவை. எங்கும் எழுதி வைத்த சட்டம் அல்ல.

படி 1: மலை ஏறும் முன்பே சில்லறை மாற்றுங்கள்

ஏ.டி.எம்.மில் வருவது பெரும்பாலும் 500 ரூபாய் நோட்டு. அதைப் படகோட்டியிடம் நீட்டி "மீதி கொடுங்க" என்றால் இருவருக்கும் சங்கடம். மேட்டுப்பாளையத்தில் பெட்ரோல் போடும்போதோ டீ குடிக்கும்போதோ மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டு நாளுக்கு 100 ரூபாய் நோட்டு ஆறு, 50 ரூபாய் நோட்டு ஆறு, 20 ரூபாய் நோட்டு பத்து இருந்தால் போதும். இதைப் பர்ஸில் வைக்காமல் சட்டைப் பையிலோ கைப்பையின் வெளி அறையிலோ தனியாக வையுங்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டிய பிறகு பேன்ட் பைக்குள் கை போகாது.

ஜி.பே. இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். கவுன்ட்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் நிர்வாகத்தின் கணக்குக்கானது. அதில் போட்ட பணம் துடுப்புப் போட்டவர் கைக்குப் போகாது. அவருடைய சொந்த எண்ணைக் கேட்டு அனுப்பலாம், ஆனால் பைக்காரா, அவலாஞ்சி பக்கம் சிக்னலை நம்ப முடியாது. ஆடும் படகிலிருந்து இறங்கும் நேரத்தில் போனைக் கையில் எடுப்பதும் நல்லதல்ல. நோட்டுதான் என் தேர்வு.

படி 2: கட்டணப் பலகையை முழுசாகப் படியுங்கள்

பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். டிக்கெட்டில் மூன்று விதமான பணம் கலந்திருக்கலாம்: படகு வாடகை, படகோட்டிக் கட்டணம், திருப்பித் தரும் வைப்புத் தொகை. மூன்றையும் ஒன்றாகக் கட்டிவிட்டு, எது எதற்கு என்று தெரியாமல் படகில் ஏறினால் பிறகு குழப்பம்தான்.

படகோட்டிக் கட்டணம் தனி வரியாக இருந்தால் அது அவருடைய வேலைக்கான கூலிக் கணக்கு. "அதான் கட்டியாச்சே" என்று டிப்ஸை நிறுத்த அது காரணமாகாது, ஆனால் ஏரி நடுவில் அவரே "படகோட்டிக்குத் தனியா கொடுக்கணும் சார்" என்று கேட்டால் ரசீதைக் காட்டிப் பேச உதவும். அப்படி யாராவது கேட்டால் கோபப்பட வேண்டாம். "கரைக்குப் போனதும் தர்றேன் அண்ணா" என்று சொன்னால் போதும். தண்ணீரில் இருக்கும்போது பணம் எடுக்காதீர்கள். நடுவில் கொடுத்தால் மீதி நேரம் துடுப்பு மெதுவாகும் என்று சொல்பவர்கள் உண்டு. அதைவிட முக்கியமான காரணம், ஆட்கள் அசைந்து பை தேடும்போது படகு ஒரு பக்கம் சாய்வது.

வைப்புத் தொகை வாங்கியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். "மீதியை நீங்களே வச்சுக்குங்க" என்று அந்த ரசீதைப் படித்துறையில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டு வருவது தப்பான பழக்கம். பணம் போய்ச் சேருவது படகு ஓட்டியவரிடமா, வேறொருவரிடமா என்று உங்களுக்குத் தெரியாது. கவுன்ட்டரில் வைப்புத் தொகையை முழுசாக வாங்குங்கள், பிறகு உங்கள் கையால் ஓட்டியவருக்குக் கொடுங்கள். குறித்த நேரத்தைத் தாண்டினால் வைப்புத் தொகையில் பிடிப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 3: தொகையை முடிவு செய்யுங்கள்

துடுப்புப் படகு, அரை மணி நேரம், இரண்டு மூன்று பேர்: 50 ரூபாய். நான்கிலிருந்து ஆறு பேர்: 100. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் நாட்களில், அதிலும் திரும்பி வரும் பாதை எதிர்க்காற்றாக அமைந்துவிட்டால், 150 கொடுங்கள். ஆறு பேர் உட்கார்ந்த படகை எதிர்க்காற்றில் இழுப்பது தோளை முறிக்கும் வேலை. கரையில் நின்று பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. கூட்டமில்லாத நாளில் போட்டோ எடுத்துக் கொடுத்து, ஓரமாக நிறுத்திக் காட்டியவருக்கு 50 கூட்டிக் கொடுக்கலாம்.

மோட்டார் படகு: ஓட்டுபவர் ஒருவர், பயணிகள் எட்டு முதல் பதினைந்து. தலைக்கு 10 அல்லது 20. யாராவது ஒருவர் வாங்கிச் சேர்த்துக் கொடுத்தால் எளிது. யாரும் முன்வராவிட்டால் உங்கள் குடும்பத்துக்கு 50 கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். பைக்காராவில் ஸ்பீடு படகு சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்கும் 50 போதும்.

வெளிநாட்டில் கடலுக்கடியில் டைவிங் போய் வந்தவர்கள் அந்தக் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். அமெரிக்கா, கரீபியன் பக்கத்து டைவிங் படகுகளில், மூழ்கும்போது முதுகில் மாட்டும் காற்றுச் சிலிண்டர் ஒன்றுக்கு 5 முதல் 10 டாலர் டிப்ஸ் என்பது பழக்கம். படகிலேயே தங்கிப் போகும் பயணத்தில் மொத்தச் செலவில் 10 முதல் 15 சதவீதம். அங்கே கேப்டன், தண்ணீருக்குள் வழிகாட்டும் டைவ் மாஸ்டர், சமையல்காரர், சிலிண்டர் தூக்குபவர் என்று ஒரு பட்டாளமே இருக்கும். அதனால் டிப்ஸை ஒரே பெட்டியில் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். ஊட்டி ஏரியில் உங்களுக்கு வேலை செய்தவர் ஒருவர்தான். சதவீதமும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம், கையில் கொடுங்கள்.

படி 4: கொடுக்கும் நேரம்

எல்லோரும் இறங்கி, குழந்தைகள் கரையில் நின்ற பிறகு கடைசியாக இறங்குபவர் கொடுக்கட்டும். நோட்டை மடித்து, "நன்றிண்ணா, நல்லா ஓட்டினீங்க" என்று ஒரு வார்த்தையோடு. லைஃப் ஜாக்கெட்டைத் தரையில் வீசாமல் அவர் காட்டும் இடத்தில் மாட்டிவிட்டுப் போவதையும் அவர்கள் மதிக்கிறார்கள். மிச்சமான முறுக்கு, பாதி குடித்த ஜூஸ் டிப்ஸ் ஆகாது.

படி 5: டாக்சி டிரைவருக்கு வேறு கணக்கு

படகுக்கு அடுத்து அதிகம் குழப்புவது பேட்டா. பேட்டா என்பது டிரைவரின் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் நீங்கள் ஒப்புக்கொண்ட தொகை. அது டிப்ஸ் அல்ல. வண்டி பேசும்போதே பேட்டா, மலை ஏற்றக் கட்டணம், பார்க்கிங் மூன்றும் வாடகைக்குள்ளா வெளியேயா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். பிறகு டிப்ஸ்: உள்ளூர் சுற்றுக்கு நாளுக்கு 200. ஏப்ரல், மே நெரிசலில், போக குன்னூர் பாதை, வர கோத்தகிரி பாதை என்று ஒருவழி மாற்றம் இருக்கும் நாட்களில் அவர் பல மணி நேரம் கிளட்ச் மிதிக்கிறார், அதற்கு 300.

சாக்லேட் கடை, தைலக் கடை என்று உங்களைக் கேட்காமலே நிறுத்திக்கொண்டு போகிறாரா? அங்கே அவருக்குக் கமிஷன் வருவது வழக்கம். காலையிலேயே "கடைக்கு வேண்டாம்ண்ணா, அந்த நேரத்தில் தொட்டபெட்டாவில் நின்னுக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். கேட்டு நடந்தவருக்கு டிப்ஸைக் கூட்டிக் கொடுங்கள். அவர் இழந்த கமிஷன் அதில் ஈடாகும்.

கொடுக்கவே கூடாத இடங்கள்

மசினகுடி பக்கம் "ராத்திரி யானை காட்டுறேன், 500 மட்டும் கொடுங்க" என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். அனுமதியில்லாமல் காட்டுக்குள் போவதும், விலங்குக்குத் தீனி போடுவதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் வண்டியில் இருக்கும் நீங்களும் மாட்டுவீர்கள். விளக்கடித்து விரட்டப்பட்ட யானை அந்தக் கோபத்தோடு அடுத்த ஊருக்குள் போகும், அங்கே வீடுகள் இருக்கின்றன. டிக்கெட் கவுன்ட்டர், வனத்துறைச் சோதனைச் சாவடி, மலை ரயிலில் பெட்டிக்குப் பெட்டி நிற்கும் பிரேக்ஸ்மேன், இவர்களிடமும் பணம் நீட்ட வேண்டாம்.

தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்குப் போனால் குழந்தைகள் கையில் நோட்டைத் திணிக்காதீர்கள். படம் எடுக்க அனுமதி கேளுங்கள். பணம் கொடுக்கத் தோன்றினால் அங்குள்ள பெண்கள் தைத்த சிவப்பு, கறுப்புப் பூத்தையல் துணியை அவர்களிடமே, பேரம் பேசாமல், வாங்குங்கள். அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, உழைப்பும் நாள்கணக்கில்.

பின்சேர்க்கை: பலரும் கேட்கும் இரண்டு சந்தேகங்கள்

ஹோட்டல் பில்லில் சேவைக் கட்டணம் போட்டிருந்தால்? 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது. எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. எடுத்தபின் பரிமாறியவருக்கு நேரே கொடுங்கள்.

எஸ்டேட் பங்களா, ஹோம்ஸ்டே சமையல்காரருக்கு? ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 200 என்று கணக்குப் போட்டு, கிளம்பும் காலையில் கவரில் வைத்து அவர் கையிலேயே கொடுங்கள். விறகு போட்டு வெந்நீர் வைத்தவர், பாத்திரம் கழுவ வரும் அம்மா என்று கண்ணில் படாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு 100 வீதம் தனிக் கவர். கிளம்பும் நேரத்தில் அவர்கள் அங்கே இல்லையென்றால் பெயரைக் கேட்டு கவர் மேல் எழுதி, சமையல்காரரிடம் எல்லோர் முன்னாலும் ஒப்படையுங்கள்.