கை வைக்கும் முன்: வீட்டுப் பழுதை நாமே சரிசெய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழாய் சொட்டினாலும் சுவரில் பெயிண்ட் உரிந்தாலும் ஆள் கூப்பிடாமல் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பதில் தப்பே இல்லை. சில்லறை வேலைகள் பலவும் பொறுமை உள்ள யாருக்கும் கைவரும். அப்படியும் வேலை கெட்டுப்போனால், கைத்திறனைக் குறை சொல்லும் முன் ஒன்றைப் பாருங்கள். பழுது கண்ணுக்குத் தெரிந்த இடத்தையே பழுதின் இடம் என்று எண்ணி அங்கே கை வைத்தீர்களா? நான் பார்த்தவரை, பாதிக்கு மேற்பட்ட தோல்விகள் அங்கேதான் தொடங்குகின்றன.

இதற்கு ஓதம் அடித்த சுவரை விட நல்ல உதாரணம் கிடையாது. பெயிண்ட் பொரிந்து, வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். உடனே சுரண்டி, பட்டி வைத்து, புதிதாக ஒரு கோட் அடித்துவிடுவோம். சில வாரங்கள் அழகாக இருக்கும். அப்புறம் அதே இடம் மறுபடி பொரியும், இந்தத் தடவை பட்டியோடு சேர்ந்து. சுவருக்குள் வரும் தண்ணீர் செங்கல்லிலும் கலவையிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு படிகமாகித் தங்குகிறது. அந்தப் படிகம் வளரும்போது பெயிண்டை உள்ளிருந்து தள்ளிவிடுகிறது. தண்ணீர் வரும் வழி அடைபடாதவரை எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்டும் அங்கே நிற்காது.

தண்ணீர் நுழைந்த இடமும் கறை தெரியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கூரைத் தளத்தின் ஒரு மூலையில் இறங்கும் நீர், கான்கிரீட்டின் உள்ளேயோ ஒரு குழாயை ஒட்டியோ ஓடி, பல அடி தள்ளி வெளியே வரலாம். அதனால் முதலில் கவனிக்க வேண்டியது நேரம். மழைக்குப் பின் மட்டும் கறை பெரிதாகிறதா? அப்படியானால் மொட்டைமாடி, வெளிச்சுவர் விரிசல், ஜன்னல் விளிம்பு ஆகியவற்றைப் பாருங்கள். மழையே இல்லாதபோதும் ஈரம் குறையவில்லை என்றால் குழாய் அல்லது குளியலறைத் தளம். தண்ணீர் மீட்டர் உள்ள வீடு என்றால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். அது நகர்ந்தால், மீட்டரைத் தாண்டி எங்கோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. ஒருவேளை கசிவே இல்லாமல், அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவதாகவும் இருக்கலாம். ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒன்றிரண்டு நாள் விடுங்கள். சுவரைப் பார்த்த பக்கத்தில் ஈரம் நின்றால் அது சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் நின்றால் காற்றோட்டம்தான் போதவில்லை, சுவரை உடைக்க வேண்டியதில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகும் ஒரு தவறு காத்திருக்கிறது: அவசரம். நன்றாக ஊறிய சுவர் உலர வாரங்கள் ஆகும், தடிமனான சுவர் என்றால் மாதங்களும் ஆகலாம். பூத்திருக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து எடுப்பதே சரி. உள்பக்கமாக மட்டும் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து முடித்துக்கொள்வதும் இதே ரகம்தான். தண்ணீர் நுழையும் வழியை விட்டுவிட்டு வெளியேறும் வழியை அடைத்தால், அது இரண்டடி தள்ளி வேறு வழி பார்த்துக்கொள்ளும்.

விரிசலுக்கும் இதே பொறுமை வேண்டும். மயிரிழை போல் மேற்பூச்சில் ஓடும் விரிசல்கள் பெரும்பாலும் பூச்சு சுருங்கியதால் வருபவை. பட்டி வைத்து மூடலாம். கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, சுவரின் இரண்டு பக்கமும் தெரிகிற விரிசல் வேறு ஜாதி. அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். சில மாதங்களில் கோட்டைத் தாண்டி வளர்ந்திருந்தால் வேலை கட்டடப் பொறியாளருடையது. பட்டி வைத்து மறைத்துவிட்டால், வளர்கிறதா இல்லையா என்று பார்க்கும் வழியும் போய்விடும்.

மின்சாரம்

மற்ற வேலைகளில் தப்பு செய்தால் பொருளும் நேரமும் போகும். இங்கே உயிர் போகும். சுவிட்சை அணைத்துவிட்டால் போதும் என்று நினைப்பது முதல் தவறு. சில வீடுகளில் வயரிங் மாறிப்போய், சுவிட்ச் மின்சாரம் வரும் வயரில் இல்லாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் இருக்கும். விளக்கு அணைந்திருக்கும், ஆனால் ஹோல்டரில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். மெயினை அணைப்பதே பழக்கமாக வேண்டும். இன்வெர்ட்டரோ சூரிய மின் பேட்டரியோ உள்ள வீட்டில் மெயினை அணைத்தும் சில லைன்களில் மின்சாரம் வரும். அதையும் தனியாக நிறுத்த வேண்டும். பிறகு அந்த இடத்தில் மின்சாரம் இல்லை என்று சோதித்துப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் போல இருக்கும் நியான் டெஸ்டர் எரியவில்லை என்பது மட்டும் சான்றாகாது. அதன் விளக்கு உங்கள் உடல் வழியாகத் தரைக்குப் போகும் மிகச் சிறிய மின்னோட்டத்தில் எரிகிறது. ரப்பர் செருப்போ மர ஏணியோ அதைக் கெடுத்துவிடலாம், டெஸ்டரே பழுதாகவும் இருக்கலாம். மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு இடத்தில் முதலில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடி முதல் இடத்தில் பார்ப்பதுதான் முறை. மின்னழுத்தத்தை அளந்து காட்டும் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது, அடிக்கடி விழும் பிரேக்கரை (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்சை) எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்றை மாட்டுவது. கேட்பதற்குச் சாமர்த்தியமாகத் தோன்றும். உண்மையில் பிரேக்கர் காப்பது சுவருக்குள் இருக்கும் வயரை. 10 ஆம்பியர் பிரேக்கருக்கு ஏற்றபடி இழுத்த வயரில் 32 ஆம்பியர் பிரேக்கர் போட்டால், பிரேக்கர் விழாது, வயர் சூடாகும். காப்பு உருகி, சுவருக்குள்ளேயே தீப்பிடிக்கும் வாய்ப்பு வரும். பிரேக்கர் விழுகிறது என்றால் லைனில் சுமை கூடியிருக்கிறது, அல்லது எங்கோ ஷார்ட் ஆகிறது. அதைத்தான் தேட வேண்டும்.

பிரேக்கர் இருக்கிறது, ஷாக் அடித்தால் விழுந்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. மனித உடலைக் கொல்ல ஒரு ஆம்பியரில் சிறு பகுதியே போதும். 10 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும் பிரேக்கர் அதைக் கண்டுகொள்ளாது. அதற்காகவே இருப்பது, மின்கசிவைக் கண்டதும் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற கருவி. வீடுகளில் பொதுவாகப் பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்க்காமல் வருடக்கணக்கில் விட்டுவிடுவதும் நாம் எல்லா வீட்டிலும் காண்பதுதான்.

வயர் இணைப்புகளில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றி, அதன் மேல் பூசிவிடாதீர்கள். தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடும், தடை கூடினால் வெப்பம். சுவிட்ச் பலகை சூடாக இருந்தாலோ கருகிய வாசனை வந்தாலோ அதன் பின்னால் இதுதான் நடந்துகொண்டிருக்கும்.

துளையிடுவது

சுவிட்ச் பலகைக்கு நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் துளை போடக் கூடாது. வயர்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். குழாய்க்கும் அதே விதி. செங்கல் சுவரில், தட்டித் தட்டித் துளைக்கும் சுத்தியல் முறையில் டிரில்லை ஓட்டலாம். டைல்ஸில் அப்படி ஓட்டினால் விரிசல் விடும். முதலில் டேப் ஒட்டி, அதற்குரிய பிட்டில், சுத்தியல் இல்லாமல் மெதுவாகத் துளைத்து, டைல்ஸைத் தாண்டியபின் முறையை மாற்றிக்கொள்ளுங்கள். துளை பெரிதாகி, ஸ்க்ரூவைப் பிடிக்க அதில் செருகும் பிளக் ஆடினால் தீக்குச்சி செருகுவது பரம்பரை வழக்கம். சின்னப் படத்துக்குத் தாங்கும், புத்தக அலமாரிக்குத் தாங்காது. பிளக்கின் அளவும் பிட்டின் அளவும் ஒன்றாக இருந்தால் இந்தச் சிக்கலே வராது. ஜிப்சம் பலகைச் சுவரில் சாதாரணப் பிளக் எதையும் பிடிக்காது, பின்னால் விரிந்து பிடிக்கும் வகை தேவை.

பழைய சிமெண்ட் ஷீட் கூரையாக இருந்தால் டிரில்லை எடுக்கும் முன் நில்லுங்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். வெட்டினாலோ துளைத்தாலோ பறக்கும் இழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியவை. பல நாடுகள் அதைத் தடைசெய்துவிட்டன, ஆனால் முன்பே போட்ட கூரைகள் அப்படியே இருக்கின்றன. பழைய பெயிண்டிலும் இதே போன்ற ஆபத்து உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை அமெரிக்காவே 1978-இல்தான் தடைசெய்தது. பல இடங்களில் அதற்கும் வெகு காலம் கழித்துத்தான் கட்டுப்பாடு வந்தது. அந்தக் காலத்து ஜன்னல் கம்பியை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பறக்கும் தூசி குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

காத்திருக்க வேண்டியவை

சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. பூசிய மறுநாளே வெயிலில் விட்டுவிட்டால் அந்த வினை பாதியில் நின்று, பூச்சு விரலால் சுரண்டினாலே உதிரும். குறைந்தது ஒரு வாரம் ஈரம் காக்க வேண்டும். எளிதாகப் பூச வரட்டும் என்று கலவையில் தண்ணீரைக் கூட்டுவதும் வலிமையைக் குறைக்கும். புதுப் பூச்சின் மேல் பெயிண்ட் அடிக்க நான்கு வாரமாவது பொறுங்கள்.

இடுக்குகளை அடைக்கும் சிலிகானை ஒரு வரியில் முடிக்கலாம்: பழைய சிலிகான் மேல் புதியது ஒட்டாது, முழுவதும் சுரண்டியெடுத்துத் துடைத்த பிறகுதான் வைக்க வேண்டும், அதன் மேல் பெயிண்டும் நிற்காது.

ரசாயனங்களில் காத்திருப்பதை விட, கலக்காமல் இருப்பது முக்கியம். அடைத்த கழிவுக்குழாயில் ஒரு பொருளை ஊற்றி, சரியாகவில்லை என்று இன்னொன்றை ஊற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், கதவை மூடிய குளியலறையில் அது விஷமாகும். அடைப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் கிண்ணமான பிளஞ்சரிலோ நீளமான ஸ்பிரிங் கம்பியிலோ முதலில் முயலுங்கள். ஏற்கெனவே ரசாயனம் ஊற்றியிருந்தால் பிளஞ்சர் போடாதீர்கள், அந்த ரசாயனம் முகத்தில் தெறிக்கும்.

குழாய் வேலை

இறுக்கினால்தான் கசியாது என்ற எண்ணமே இங்கே பெரிய எதிரி. பிளாஸ்டிக் மரையை ஸ்பேனர் போட்டு முறுக்கினால் உடனே ஒன்றும் தெரியாது, நள்ளிரவில் பிளந்து வீட்டை நனைக்கும். கையால் இறுக்கி, அதன் பின் அரைச் சுற்றோ முக்கால் சுற்றோ போதும். டெஃப்லான் டேப்பை மரையின் முனையைப் பார்த்தபடி கடிகாரத் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் மாட்டும்போது அதுவே கழன்று வரும். வாசர் உட்கார்ந்து அடைக்கும் இணைப்பில் டேப் தேவையே இல்லை. ஹீட்டரிலிருந்து வரும் வெந்நீருக்கு வெள்ளை பிவிசி குழாயைப் போடாதீர்கள், சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே அது இளகத் தொடங்கும். வெந்நீருக்கு ஏற்ற சிபிவிசி குழாய் 90 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். இரண்டுக்கும் ஒட்டும் பசையும் வேறு வேறு.

எரிவாயு இணைப்பு, சுமை தாங்கும் சுவரை இடிப்பது, தூணிலும் உத்திரத்திலும் பள்ளம் வெட்டுவது, மைக்ரோவேவ் அடுப்பைப் பிரிப்பது ஆகியவற்றில் இறங்கவே வேண்டாம். மைக்ரோவேவில் உள்ள மின்தேக்கி பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உயிரைப் பறிக்கும் மின்னேற்றத்தை வைத்திருக்கலாம்.

கடைசியாக, குழாயைக் கழற்றும் முன் மெயின் வால்வு முழுவதும் மூடுகிறதா என்று பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத வால்வு பாதியில் சிக்கிக்கொள்ளும், அல்லது மூடியதும் மறுபடி திறக்க மறுக்கும். கழற்றப் போகும் குழாயின் அளவில் ஒரு மூடியையும் கையோடு வாங்கி வைத்துக்கொண்டு காலையிலேயே தொடங்குங்கள். கொண்டுவந்த பாகம் பொருந்தாவிட்டால் அந்த மூடியைப் போட்டு அடைத்து, வீட்டின் மற்ற குழாய்களுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு, பழைய பாகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.