கைப்பிடி வரை ஏறிய அதிர்வு

கோடை மழை பிடித்துக்கொண்டால் டர்பனில் சைக்கிளை வெளியே எடுக்க முடியாது. அதனால் வீட்டுக் கராஜில், 110 மி.மீ. பிவிசி வடிகால் குழாயை அறுத்து, சைக்கிளை மேலே ஏற்றி நின்ற இடத்திலேயே மிதிக்க மூன்று பயிற்சி உருளைகள் செய்தேன். மெதுவாக மிதித்தால் ஒன்றுமில்லை. வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டியதும் கைப்பிடி வரை அதிர்ந்தது.

டயரை மாற்றினேன், சக்கரக் கோட்டம் எடுத்தேன், புது பேரிங் போட்டேன். பயனில்லை. பிறகு சட்டத்தில் விரலை வைத்து, பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினேன். வால்வு ஒரு முறை வருவதற்குள் ஆறு சிறு மேடுகள் தட்டுப்பட்டன. உருளையின் சுற்றளவு ஏறக்குறைய 35 செ.மீ., சக்கரத்தினுடையது 210; சக்கரம் ஒரு முறை சுற்றினால் உருளை ஆறு முறை சுற்றும். கோளாறு உருளையில்தான்.

பென்சிலைக் கட்டைமேல் அசையாமல் பிடித்து உருளையைச் சுற்றியபோது பாதிச் சுற்றுக்கே கோடு விழுந்தது. குழாயின் வாய் நசுங்கி நீள்வட்டமாகியிருந்தது. உள்ளேயிருந்த மர வட்டு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. கடைக்காரரோ புதுச் சரக்கு என்று சத்தியம் செய்திருந்தார்! வாயைக் கொதிநீரில் இளக்கி வட்டைத் திரும்பப் பொருத்தினேன். மிச்ச இடைவெளியில் குளிர்பான டப்பாவின் தகட்டை வெட்டிச் செருகினேன். கோடு முழுச் சுற்றும் விழுந்தது.

இப்போது 40 கிலோமீட்டர் வேகத்திலும் இரைச்சல் உண்டு, அதிர்வு இல்லை. அப்பாடா! முன் உருளையை மட்டும் முன்சக்கர அச்சுக்கு நேர் கீழே அல்லது சற்றுப் பின்னால் வையுங்கள்.