புது விசுவாசியோடு மாற்கு வாசிப்பது எப்படி

பைபிளில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள். வாரத்துக்கு ஒன்று என்றால் நாலு மாதத்தில் முடியும். புதிதாக இயேசுவை விசுவாசித்த ஒருவரோடோ இருவரோடோ உட்காருங்கள். ஐந்து பேர் சேர்ந்தால் பிரசங்கமாகிவிடும். ஆண் ஆணோடும் பெண் பெண்ணோடும் வாசிப்பது நல்லது.

மொத்தம் ஒரு மணி நேரம். முதல் பத்து நிமிடம், போன வாரம் வாசித்த பிறகு அவர் எடுத்த தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். கேட்காவிட்டால் தீர்மானம் நோட்டிலேயே தூங்கும். பிறகு அவரையே சத்தமாக வாசிக்கவிடுங்கள். கேள்விகள் மூன்று: இயேசு இங்கே என்ன செய்தார்? மற்றவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள்? நான் எதை மாற்ற வேண்டும்? உதாரணமாக, 4ஆம் அதிகாரம் 38ஆம் வசனத்தில் (4:38) படகில் தண்ணீர் நிரம்ப, இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார். உடனே விளக்கத்தில் இறங்காதீர்கள். அரை நிமிடம் சும்மா இருங்கள்.

மூன்றாம் கேள்விக்கான பதில்தான் தீர்மானம். "இன்னும் அன்பாக இருப்பேன்" தீர்மானமே அல்ல. "வியாழக்கிழமைக்குள் அண்ணனிடம் போய்ப் பேசுவேன்", இது தீர்மானம். எழுதிவைத்து, அதற்காகவே ஜெபியுங்கள்.

8:34இல், சிலுவையை எடுத்துக்கொண்டு தம்மைப் பின்பற்றும்படி இயேசு சொல்லும் இடம் வரும். அங்கே இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை. 12ஆம் அதிகாரத்திலிருந்து கேள்விகளை அவர் கேட்கட்டும், பதில் நீங்கள் சொல்லுங்கள். 2 தீமோத்தேயு 2:2இல் பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், மற்றவர்கள் என போதனை கைமாறும் நாலு கண்ணி இருக்கிறது. அவர் அடுத்த ஆளோடு உட்காரும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.